உங்களுக்குத் தெரியுமா? கத்திக்கு முன்னே கஞ்சி

உணவுக்குழாய்ப் புற்றுநோய் வளர வளர, முதலில் அரிசிம்பருப்புச் சாதமும் பிறகு கஞ்சியும்கூடத் தொண்டைக்குக் கீழே இறங்காது. அதனால் பலர் மெலிந்துபோன நிலையிலேயே அறுவை சிகிச்சைக்கு வருகின்றனர். புரதம் குறைந்த உடலில் தையல் ஆறத் தாமதமாகும். தொற்றும் எளிதில் பற்றும்.

● கோவை ஜெம் மருத்துவமனையில் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து நுண்துளை வழியே உணவுக்குழாயை அகற்றினர். 130 பேரிடம் பெற்ற அனுபவம் 2006-இல் வெளியானது. இம்முறையில் காயம் சிறிது. ஆனால் ஊட்டத்தின் தேவை குறைவதில்லை.

● ஆறு மாதத்தில் எடை 10–15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அறுவையைத் தள்ளிவைத்தாவது 7–14 நாள் ஊட்டச் சிகிச்சை தரவேண்டும் என ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் பரிந்துரைக்கிறது.

● ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25–30 கிலோகலோரி, 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 75 கிராம் புரதம்.

● விழுங்க முடியாதவருக்கு மூக்கு வழியாகவோ, வயிற்றில் துளையிட்டுச் சிறுகுடலிலோ குழாய் பொருத்தித் திரவ உணவு தரப்படும். சிறுகுடல் குழாய் அறுவைக்குப் பிறகும் உதவும்.

● நெடுநாள் சரியாகச் சாப்பிடாதவருக்கு உணவைப் படிப்படியாகவே கூட்டவேண்டும். திடீரென நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவு சரிந்து இதயத்துடிப்பு பாதிக்கப்படலாம்.