குழாய் வாங்கப் போகிறீர்களா?

குழாய்க் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணைப் பறிப்பது பளபளப்புத்தான். அடுத்தது விலை. "இது தண்ணியை மிச்சம் பிடிக்குமுங்க" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டினால், சரியென்று வாங்கி வந்துவிடுகிறோம். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் கொட்டும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

எங்கள் எடப்பாடிக்குப் பூலாம்பட்டியிலிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் போர் தண்ணியை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிற தெரு எங்களுடையது. அடுக்குமாடி வீட்டுக்குச் சரிப்படுகிற குழாய் இங்கே சரிப்படும் என்று சொல்ல முடியாது.

முதலில் வீட்டிலுள்ள குழாயை அளந்து பாருங்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தை அடியில் வைத்து, குழாயை முழுக்கத் திறந்து, எத்தனை செகண்டில் நிறைகிறதென்று கடிகாரம் பாருங்கள். 60-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிஷக் கணக்கு வந்துவிடும். என் சமையலறைக் குழாயில் 6 செகண்ட். அதாவது நிமிஷத்துக்கு 10 லிட்டர். ஏனம் கழுவப் பத்து நிமிஷம் திறந்தபடி விட்டால் 100 லிட்டர். ஆறேழு குடம்!

இதற்குக் குழாயையே மாற்ற வேண்டியதில்லை. வாயில் மரை இருந்தால் 'ஏரேட்டர்' என்ற சின்னச் சல்லடை மூடியை மாட்டிவிடலாம். அது தண்ணீரோடு காற்றைக் கலந்துவிடுவதால், குறைந்த தண்ணீரே மெத்தென்று, சிதறாமல் விழும். எனக்கு லிட்டருக்கு 12 செகண்ட் ஆயிற்று, சரிபாதி மிச்சம். மரை பெரும்பாலும் 22 அல்லது 24 மில்லிமீட்டரில் இருக்கும். பழைய மூடியைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போய்விட்டால் குழப்பமில்லை.

"அப்ப எல்லாக் குழாய்க்கும் மாட்டீரலாமுங்களாக்கா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். வேண்டாம் கண்ணு! பக்கெட்டும் குடமும் பிடிக்கிற குழாய்க்கு எதற்கு? 15 லிட்டர் பக்கெட்டுக்கு எப்படியும் 15 லிட்டர்தானே; காத்திருக்கிற நேரம்தான் கூடும். தண்ணீர் ஓட ஓட வேலை செய்கிறோமே, அந்தச் சமையலறைத் தொட்டிக்கும் வாஷ்பேசினுக்கும் மட்டும் போதும்.

போர் தண்ணியில் உப்பு அதிகமிருந்தால் சல்லடையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். மாதமொரு முறை கழற்றி, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ சற்று ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். கையால் கழற்ற வருகிற மாதிரியாகவே பார்த்து வாங்குவது நல்லது.

ஷவர் விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. நிமிஷத்துக்கு 8 லிட்டர் விடுகிற சிக்கன ஷவரில் ஐந்து நிமிஷம் நின்றாலும் 40 லிட்டர். ஒரு பக்கெட் தண்ணீரில் குளித்து வருகிறவர்களுக்கு எந்த ஷவரும் சிக்கனமாகாது. ஏற்கெனவே ஷவரில் குளிக்கிறவர்கள் மாற்றினால்தான் லாபம். வெந்நீர் குறைவதால் கரண்டும் மிச்சம். குனிந்து மொண்டு ஊற்ற முடியாத மாமியாருக்கு என்றால், பிடியிலேயே நிறுத்துகிற பட்டன் உள்ள கை ஷவர் வாங்குங்கள். சோப்புப் போடும்போது அவரே நிறுத்திக்கொள்வார்.

வாங்குமுன் பிரஷரையும் கேளுங்கள். தொட்டித் தண்ணீர் ஷவருக்குப் பத்தடி உயரத்தில் இருந்தால் கிடைக்கும் பிரஷர் சுமார் 0.3 பார்தான். தாம்பாளம் போல் அகன்ற ஷவர்கள் பலவற்றுக்கு இது போதாது. சொட்டுச் சொட்டாகத்தான் விழும். கேஸ் கீசர் உள்ள வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் ஓட்டம் மிகவும் குறைந்தால் அது பற்றிக்கொள்ளாது.

பெங்களூரில் 2024-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது, அங்குள்ள குடிநீர் வாரியம் ஓட்டல்களிலும் வணிகக் கட்டடங்களிலும் ஏரேட்டர் மாட்டுவதைக் கட்டாயமாக்கியது. அவர்களுக்கும் குடிநீர் பெரும்பாலும் நம் காவிரியிலிருந்துதான் போகிறது.

நம் வீட்டில் உத்தரவு போட நாமேதான். இன்று ராத்திரி, சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு சொம்பு வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் அது நிறைந்திருந்தால், புதுக் குழாய்க்கு முன்னால் ஒரு வாஷர் வாங்குங்கள்.