கடனுக்கு ஈடா, காணிக்கு விலையா?

சொந்தமாக ஒரு வீடும் வளவும் உள்ள பெண்கள் பலர் இன்று அதையே வருமானத்திற்கு வழியாக்க முயல்கிறார்கள். வளவின் ஓரத்தில் இரண்டு அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டால் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காவது உதவும். நல்ல எண்ணந்தான். ஆனால் கட்டுவதற்குக் காசு வேண்டும்; காசு தருபவர் காணி உறுதியைக் கேட்பார். அந்த வேளையில் நாம் எந்தத் தாளில் கையொப்பமிடுகிறோம் என்பதுதான் வீடு மிஞ்சுமா, போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றபோது சீதனத்தை ஒரு சமூக வழக்கமாகவே படித்தேன். களப்பணிக்கு வந்த பிறகுதான், அலுமாரிக்குள் சேலை மடிப்பில் பத்திரப்படுத்திய ஓர் உறுதியாக அதைக் கண்டேன். பல பெண்களுக்கு அதைத் தவிர வேறு சொத்தே இல்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற்கு அண்மையில் வசிக்கும் ஒரு சகோதரி கணவனை இழந்தவர். மாணவிகளுக்கு வாடகைக்கு விட இரண்டு அறைகள் கட்ட 2019 இல் எண்ணினார். சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கிக்குப் போகத் தயங்கி, தெரிந்த ஒருவரிடம் 8 இலட்சம் ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. “ஒரு நம்பிக்கைக்குத்தான் அக்கா” என்று சொல்லி அவர் எழுதுவித்தது அறுதி உறுதி, அதாவது விற்பனை உறுதி.

நான்கு மாணவிகள் தலா 5,000 ரூபாய் தந்தார்கள். வருமானம் 20,000, வட்டி மட்டும் 24,000. அறைகள் நிறைந்திருந்த காலத்திலேயே மாதம் 4,000 ரூபாய் துண்டு விழுந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அறைகளும் வெறுமையாகின. வட்டி நின்றது. கடன் கொடுத்தவர் உறுதியைக் காட்டி, வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்.

இங்கே நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது மூன்று வகை உறுதிகளை. ஈட்டு உறுதியில் காணி உங்களுடையதாகவே இருக்கும். கடன் தவறினால், தனியார் ஒருவர் நீதிமன்றம் சென்றே அதை விற்பிக்க முடியும். விற்ற பணத்தில் கடனும் செலவும் போக மிஞ்சுவது உங்களுக்கே உரியது. அறுதி உறுதியில் எழுத்தின்படி காணி அன்றே கைமாறிவிடுகிறது. மூன்றாவது, குறித்த காலத்துள் பணத்தைக் கொடுத்துத் திருப்பி வாங்கலாம் என்ற நிபந்தனையுடனான விற்பனை. தவணை தப்பினால் அதுவும் அறுதிதான். காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டின் சட்டம். வாய்ப்பேச்சை நம்பிக் கையொப்பமிட்டவர், பின்னர் தன்னுடைய எழுத்துக்கு எதிராகவே வாதாட வேண்டியிருக்கும்.

ஆனாலும் கதவு முற்றாக அடைபட்டதில்லை. எழுதிக் கொடுத்தவர் காணியின் பயனைக் கைவிட நினைக்கவில்லை என்று சூழ்நிலை காட்டினால், வாங்கியவர் அவருக்காகவே அதை வைத்திருப்பதாகக் கொள்ள நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு இடந்தருகிறது. பெறுமதிக்கு மிகக் குறைந்த விலை, தொடர்ந்து வீட்டிலேயே குடியிருத்தல், வட்டி கட்டியமை ஆகியன இதற்குச் சான்றாகலாம். அந்தச் சகோதரி வீட்டை விட்டு வெளியேறவில்லை. அது அவருக்குப் பலம். வட்டிக்குப் பற்றுச்சீட்டு வாங்கவில்லை, அது பலவீனம். சட்ட உதவி ஆணைக்குழுவின் மூலம் தொடுத்த வழக்கு இன்னும் முடியவில்லை.

வங்கிக் கடன் ஆபத்தே இல்லாதது என்று சொல்ல வரவில்லை. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்தது. வட்டி கணக்கிடும் முறையையும் கேட்டறிய வேண்டும். 5 இலட்சம் ரூபாய், 12 வீத வட்டி, மூன்று வருடம் என்று வையுங்கள். குறைந்து செல்லும் மீதிக்கு மட்டும் வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 16,600 ரூபாய். கடைசிவரை முழுத் தொகைக்கும் வட்டி என்றால் ஏறக்குறைய 18,900. வீதம் ஒன்றுதான், ஆனால் வட்டியில் வித்தியாசம் 80,000 ரூபாய்க்கு மேல்.

ஆகவே சகோதரிகளே, கடன் பெறுமுன் இவற்றைக் கவனியுங்கள். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அறைகள் வெறுமையாகக் கிடக்கும் என்று வைத்தே கணக்குப் பாருங்கள். அப்படியும் தவணை கட்ட முடியுமென்றால் மட்டும் கடன் எடுங்கள். கடன் தருபவர் அழைத்து வரும் நொத்தாரிசுடன் நின்றுவிடாமல், நீங்கள் தெரிந்த ஒருவரிடம் உறுதியை வாசித்து விளக்கச் சொல்லுங்கள். ‘ஈடு’ என்ற சொல்லைக் கண்ணால் பாருங்கள். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் காணியை ஈடு வைக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அவர் கைவிட்டுப் போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். கட்டும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கடன் முடிந்ததும் ஈட்டை நீக்கும் உறுதியை எழுதுவித்துக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள்.

அறை கட்டுவதை ஒரு வருடம் பிற்போட்டாலும் வளவு அங்கேயே இருக்கும். அறுதியாக எழுதிக் கொடுத்த வளவை மீட்கவோ வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டும். கடனுக்குக் காணியை ஈடு வையுங்கள். ஒருபோதும் விலை எழுதிக் கொடுக்காதீர்கள்.