நிறுவனம் போனது, கார்கள் இருக்கின்றன

புதுதில்லி: இந்தியாவில் செவர்லே கார் விற்பனை 2017-ஆம் ஆண்டு இறுதியுடன் நின்றுபோனது. கார்கள் நின்றுபோய்விடவில்லை. தில்லி சாலைகளில் பீட்டும் ஸ்பார்க்கும், உத்தரகண்ட் மலைப்பாதைகளில் டவேராவும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முகப்பு விளக்கு உடைந்தால், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் எங்கே போவது, யாரைக் கேட்பது என்பதே அவற்றின் உரிமையாளர்களுடைய கவலை.

நடுத்தரக் குடும்பம் ஒன்று வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை செலவிடுவது காருக்குத்தான். ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு தவணையில் வாங்குகிறார்கள். தவணை முடியும்வரை வங்கி விடாது. தயாரித்த நிறுவனமோ நடுவிலேயே கடையைக் கட்டிக்கொண்டு போகலாம். ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவை விட்டுச் சென்ற விதத்தை இன்று திரும்பிப் பார்ப்பதற்கு இதுவே காரணம். ஓர் அன்னிய நிறுவனத்தின் வரவுக்கு மத்திய, மாநில அரசுகள் செய்யும் ஏற்பாடுகள் ஏராளம். அது போகும்போது வாடிக்கையாளருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்பது மட்டும் எங்கும் தெளிவாக எழுதப்படவில்லை.

மேலும், 2017-ல் நடந்தது முதல் வெளியேற்றமும் அல்ல.

வில்லியம் டுரான்ட் 1908-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ். செவர்லே, பியூக், காடிலாக் எனப் பல பெயர்களில் கார்களைத் தயாரித்தது. 1923-ல் தலைமைப் பொறுப்பேற்ற ஆல்ஃபிரட் ஸ்லோன், வாடிக்கையாளரை ஒருமுறை வந்து போகிறவராகக் கருதவில்லை. முதல் சம்பளத்தில் செவர்லே வாங்குபவர், வசதி கூடக்கூட ஒவ்வொரு படியாக ஏறி, முதுமையில் காடிலாக்கில் அமர வேண்டும். வாழ்நாள் முழுவதும் அதே நிறுவனத்தின் படிக்கட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவரது வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்கு பலித்தது. 1931 முதல் 2007 வரை விற்பனையில் உலகின் முதலிடம் அந்த நிறுவனத்திடமே இருந்தது.

இந்தியாவுக்கு அது வந்தது 1928-ல். பம்பாய் சிவ்ரியில் தொடங்கப்பட்ட ஆலையில், கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி கார்களும் லாரிகளும் தயாராயின. சுதந்திரத்துக்குப் பின் அரசின் அணுகுமுறை மாறியது. பாகங்களை இறக்குமதி செய்து பூட்டித் தருவது தொழில் வளர்ச்சி ஆகாது. இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்று 1953-ல் முடிவாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. 1954-ல் சிவ்ரி ஆலை மூடப்பட்டது. இந்தியரின் கார் என்றால் அம்பாசிடர், ஃபியட் என்று ஆன காலம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அன்றைய வெளியேற்றத்துக்கு அரசின் கொள்கை காரணம் என்று சொல்லலாம். பின்னாளில் நடந்தவற்றுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

தாராளமயமாக்கலுக்குப் பின், 1994-ல் பிர்லா குழுமத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுடன் சரிபாதிக் கூட்டு வைத்து ஜெனரல் மோட்டார்ஸ் மீண்டும் வந்தது. குஜராத்தின் ஹாலோல் ஆலையில் 1996-ல் ஓப்பல் ஆஸ்ட்ரா உருவானது. அடுத்து ஓப்பல் கோர்சா. 1999-ல் கூட்டாளியின் பங்கையும் நிறுவனமே வாங்கிக்கொண்டது. ஜெர்மன் பொறியியல் என்று பெருமையாக விற்கப்பட்ட ஓப்பல், 2003-ல் செவர்லே அறிமுகமானதும் பின்னுக்குத் தள்ளப்பட்டு, 2006-ல் இந்தியச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நிறுவனம் இங்கேயே இருந்தது. ஆனால் ஓப்பல் வைத்திருந்தவர்கள் உதிரிபாகத்துக்கு அலையத் தொடங்கினார்கள். பின்னர் செவர்லே உரிமையாளர்கள் படப்போகும் பாட்டுக்கு அது ஒத்திகை எனலாம்.

தலைநகரை ஒட்டியே இன்னொரு கதையும் உண்டு. நொய்டாவுக்கு அப்பால் சூரஜ்பூரில் கொரியாவின் தேவூ நிறுவனம் சீயலோ, மாட்டிஸ் கார்களைத் தயாரித்து வந்தது. தாய் நிறுவனம் திவாலானதும், 2002-ல் அதன் கொரியக் கார் தொழிலை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது. சூரஜ்பூர் ஆலையை அது வாங்கவில்லை. மாட்டிஸ் வைத்திருந்த தில்லிவாசிகள் நடுத்தெருவில் விடப்பட்டார்கள். ஆனால் தேவூவின் கார் வடிவமைப்புகள் மட்டும் பின்கதவு வழியாக வந்து சேர்ந்தன. ஆப்ட்ரா, ஏவியோ ஆகியவை தேவூவின் வடிவமைப்புகளே. 2007-ல் வந்த ஸ்பார்க், மாட்டிஸின் மறுபிறவி. சொத்தை எடுத்துக்கொண்டு சுமையை விட்டுச் செல்வது வியாபார நியாயமாக இருக்கலாம். காரை நம்பி வாங்கியவருக்கு அது புரிவதில்லை.

இத்தனைக்கும் செவர்லே கார்கள் மோசமானவை அல்ல. பீட் காரின் மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின் சிக்கனத்துக்குப் பெயர்பெற்றது. குரூஸ் காரின் 150 குதிரைத்திறன் டீசல் என்ஜின், அந்த விலைக்கு வேறு எவரும் தராத வேகத்தைத் தந்தது. இந்தோனேசியாவில் ஓடிய இசுசு பாந்தரை அடிப்படையாகக் கொண்ட டவேரா, சுற்றுலா வண்டி ஓட்டுநர்களின் செல்லப்பிள்ளை. 2008-ல் மகாராஷ்டிரத்தின் தளேகாவில் இரண்டாவது ஆலையும் திறக்கப்பட்டது. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் விற்பனை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

சரிவு வெளியே தெரிந்தது 2013 ஜூலையில். 2005 முதல் 2013 வரை தயாரான 1 லட்சத்து 14 ஆயிரம் டவேராக்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. காரணம் சாதாரணக் கோளாறு அல்ல. புகை அளவுச் சோதனைக்கு அனுப்பும் வண்டிகளில், குறைவாகப் புகை விடுவதாக முன்கூட்டியே தெரிந்தெடுத்த என்ஜின்களைப் பொருத்தி அனுப்பியதை நிறுவனமே அரசிடம் ஒப்புக்கொண்டது. அதிகாரிகள் பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அரசு விசாரணைக் குழு அமைத்தது. முறைகேட்டை அது உறுதி செய்தது. அதற்கு மேல்? பழுதான வண்டியைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் அதிகாரம் அன்றைய மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. அந்த அதிகாரமும், தரவிதிகளை மீறும் தயாரிப்பாளருக்கு 100 கோடி ரூபாய் வரை அபராதமும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தன.

இதே நிறுவனத்தைச் சொந்த நாட்டில் எப்படி நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014-ல், எரியூட்டுச் சாவிப் பொறியில் இருந்த கோளாறுக்காக 26 லட்சம் சிறு கார்கள் திரும்பப் பெறப்பட்டன. ஓடும்போதே என்ஜின் அணைந்து, விபத்தில் காற்றுப்பையும் விரியாமல் போகும் ஆபத்து அது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் நிறுவனத்துக்குள் பலருக்கும் தெரிந்திருந்த கோளாறு. தலைமைச் செயல் அதிகாரி மேரி பாரா நாடாளுமன்றக் குழுக்கள் முன் நின்று பதில் சொன்னார். இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட உயிரிழப்புகள் மட்டும் 124. 2015-ல் 90 கோடி டாலர் செலுத்திக் குற்ற வழக்கிலிருந்து நிறுவனம் மீண்டது.

அதற்கும் முன்னால், 2009 மார்ச் மாதம் நடந்தது இந்திய வாசகர் அறிய வேண்டிய செய்தி. ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகும் விளிம்பில் நின்றபோது, அதன் கார்களை வாங்குவோர் பயப்பட வேண்டாம், உத்தரவாதத்துக்கு அரசே பொறுப்பு என்று ஒபாமா அரசு அறிவித்தது. டீலர்களை நிறுவனம் ஒட்டுமொத்தமாகக் கழித்துக்கட்ட முயன்றபோது, அவர்கள் நடுவர் மன்றத்தை அணுக அதே ஆண்டு டிசம்பரில் தனிச் சட்டப் பிரிவே இயற்றப்பட்டது. அமெரிக்க முறை குறையற்றது அல்ல. திவால் தீர்வைக் கேடயமாகப் பிடித்து, பழைய கார்களால் பாதிக்கப்பட்டோரின் வழக்குகளை நிறுவனம் பல ஆண்டுகள் தட்டிக்கழித்தது. போன்டியாக், சேட்டர்ன் உரிமையாளர்களும் கைவிடப்பட்டவர்களே. என்றாலும் கேட்பதற்கு ஒரு வாசலாவது இருந்தது.

இந்தியாவில் என்ன நடந்தது? 2015 ஜூலையில் ஹாலோல் ஆலையை மூடப்போவதாகச் சொன்ன நிறுவனம், அதே மூச்சில் இந்தியாவில் 100 கோடி டாலர் முதலீடு, பத்து புதிய கார்கள் என்றும் அறிவித்தது. 'இந்தியாவில் தயாரிப்போம்' முழக்கம் உச்சத்தில் இருந்த நேரம்; வரவேற்புக்குக் குறைவில்லை. அந்த அறிவிப்பை நம்பி டீலர்கள் காட்சிக்கூடங்களில் பணம் போட்டார்கள்; மக்கள் கார் வாங்கினார்கள். ஓராண்டில் முதலீடு நிறுத்திவைக்கப்பட்டது. 2017 மே 18 அன்று, ஆண்டு இறுதியுடன் இந்திய விற்பனை முடிகிறது என்ற அறிவிப்பு வந்தது. அப்போது சந்தையில் நிறுவனத்தின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. இந்தியா மட்டும் தனியே கைவிடப்பட்டது என்பதற்கில்லை. அதே ஆண்டு ஐரோப்பாவில் ஓப்பலையும் அது விற்றுவிட்டது. லாபம் தராத இடங்களிலிருந்து விலகுவது என்பது டெட்ராய்ட்டில் எடுக்கப்பட்ட முடிவு.

அறிவிப்பு வெளியான நாளிலேயே செவர்லே கார்களின் மறுவிற்பனை மதிப்பு விழுந்தது. உத்தரவாதம் செல்லும், சேவை தொடரும், உதிரிபாகம் கிடைக்கும் என்று நிறுவனம் உறுதி கூறியது. அந்த வாக்கு முற்றிலும் பொய்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விற்பனை நின்ற பிறகும் சேவை மையங்கள் இயங்கின. வடிகட்டி, பிரேக் கட்டை போன்ற தேய்மானப் பாகங்கள் கிடைத்தன. ஆனால் விற்பதற்குக் கார் இல்லாத டீலர், சேவையை மட்டும் வைத்து எத்தனை காலம் வாடகை கொடுப்பார்? ஒவ்வொன்றாக மூடினார்கள், சிலர் எல்லா நிறுவனக் கார்களையும் பழுதுபார்க்கும் பட்டறைகளாக மாறினார்கள். சிறு நகரங்களில் இருந்தவர்கள் அடுத்த மாவட்டத்துக்கு வண்டியை ஓட்டிச் செல்ல நேர்ந்தது.

சிக்கல் என்ஜினில் அதிகமில்லை. செயில், என்ஜாய் கார்களின் 1.3 லிட்டர் டீசல் என்ஜின், மாருதி, டாடா கார்களிலும் இருந்த ஃபியட் என்ஜின் குடும்பத்தைச் சேர்ந்தது; அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் நாடெங்கும் உண்டு. கதவு, பம்பர், விளக்கு, மின்னணுப் பெட்டி ஆகியவைதாம் கஷ்டம். செவர்லேக்கு மட்டுமே பொருந்தும் பாகங்கள் அவை. சிறு விபத்து என்றாலும் பாகம் வரும்வரை வண்டி பட்டறையில் கிடக்கும். தில்லியில் இருப்பவர்களுக்குக் காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையும், மாயாபுரி பழைய இரும்புச் சந்தையும் கைகொடுக்கின்றன. உடைத்துப் பிரிக்கப்படும் ஒரு பீட், வேறு சில பீட்டுகளுக்கு உயிர் கொடுக்கிறது. அமெரிக்க நிறுவனம் விட்டுச்சென்ற பொறுப்பை மாயாபுரி சிறுவியாபாரி சுமக்கிறார். இதில் லாபம் கண்டவர்களும் உண்டு. வேகப்பிரியர்களான இளைஞர்கள், மதிப்பிழந்த குரூஸ் கார்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி அனுபவிக்கிறார்கள். தவணை கட்டி முடிக்காத முதல் உரிமையாளரின் நஷ்டம் அது.

ஆலைகளுக்கு மட்டும் ஆள் கிடைத்தார்கள். பணமுடை வந்த 2009-ல் எந்தச் சீன நிறுவனத்துடன் இந்தியத் தொழிலில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்களோ, அதே ஷாங்காய் சாய்க் நிறுவனம் ஹாலோல் ஆலையை வாங்கி, எம்ஜி கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. தளேகாவ் ஆலையில் ஏற்றுமதிக்கான உற்பத்தி 2020 டிசம்பரில் நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையிழந்து, தொழிற்சங்கம் நீதிமன்றம்வரை போராடியது. சீனாவின் கிரேட் வால் நிறுவனத்துக்கு அந்த ஆலையை விற்கும் திட்டம், எல்லைப் பதற்றத்துக்குப் பிந்தைய முதலீட்டுக் கட்டுப்பாடுகளில் சிக்கி 2022-ல் கைவிடப்பட்டது. 2023-ல் ஹூண்டாய் அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி தொழிலாளர்களுக்கு ஓரளவு பிடிமானமாக இருந்தது. அந்த அளவு பிடிமானம்கூட டீலருக்கும் கார் உரிமையாளருக்கும் இல்லை.

2021 செப்டம்பரில் ஃபோர்டும் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது அதே காட்சி திரும்ப நடந்தது. 170 டீலர்கள், சுமார் 2,000 கோடி ரூபாய் முதலீடு பாதிக்கப்படும் என்று வாகன டீலர்கள் கூட்டமைப்பு கணக்குச் சொன்னது. டீலர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்ற அதன் கோரிக்கை, நான்கு ஆண்டுகளுக்கு முன் செவர்லே டீலர்கள் எழுப்பியதன் தொடர்ச்சி. மறைமலைநகர் ஆலையை ஃபோர்டு கைவிடாமல் வைத்திருந்து, அங்கே ஏற்றுமதிக்காக என்ஜின் தயாரிக்கப் போவதாக 2025-ல் அறிவித்தது. தமிழகத்துக்கு வேலைவாய்ப்பு வரும். ஃபோர்டு கார் வைத்திருப்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

'பழுதுபார்க்கும் உரிமை' என்ற பெயரில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. கார் துறையும் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் விற்பனையை நிறுத்தும் நிறுவனம் எத்தனை ஆண்டுகளுக்கு உதிரிபாகம் தர வேண்டும், தவறினால் என்ன தண்டனை என்பதைச் சட்டமாக்கினால் அல்லவா அது உரிமையாகும்? முதலீட்டாளர் மாநாட்டில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் நிலம், மின்சாரம், வரிச்சலுகை எல்லாம் பக்கம் பக்கமாக இடம்பெறுகின்றன. அங்கேயே இதற்கும் ஒரு வரி சேர்க்கலாம். எந்தக் கட்சி ஆளும் மாநிலமும் சேர்த்ததாகத் தெரியவில்லை. வருகிற முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் பொது.

தலைநகரில் வசிக்கும் செவர்லே உரிமையாளருக்கு இன்னொரு கெடுவும் இருக்கிறது. பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்கள் தில்லியில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் இட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதி செய்தது. வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை கூடாது என்று 2025 ஆகஸ்டில் தடுத்த அதே நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பைப் பாரத் நிலை-4 மற்றும் அதற்குப் பிந்தைய வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. தில்லியில் கடைசியாகப் பதிவான டீசல் பீட்டுகள் பாரத் நிலை-4 ரகம். 2027-ல் அவற்றுக்குப் பத்து வயது நிறைகிறது.