'வேண்டாம்' என்று சொல்ல நம் பிள்ளைக்கும் உரிமை உண்டு

அங்கன்வாடிக்குப் போகும் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கண், காது, மூக்கு என்று சொல்லிக்கொடுக்கிறோம். வயிறு வரை வந்துவிட்டு அங்கிருந்து முழங்காலுக்குத் தாவிவிடுகிறோம். இடையில் இருக்கும் உறுப்புகளுக்கு நம் வீடுகளில் பெயரே இல்லை. பிள்ளை கேட்டால் 'சீ, அசிங்கம்' என்ற அதட்டல்தான் பதில். பெயரில்லாத இடத்தில் ஒருவன் கை வைத்தால், அந்தப் பிள்ளை எந்தச் சொல்லைக் கொண்டு அம்மாவிடம் வந்து சொல்லும்?

2007-இல் ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வை வெளியிட்டது. அதில் 53 விழுக்காட்டுப் பிள்ளைகள் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஏறத்தாழச் சரிபாதி. தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

சேரிப் பிள்ளைக்கு இந்த மௌனம் இரட்டிப்பாகிறது. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று எல்லா வீட்டிலும்தான் சொல்கிறார்கள். நம் வீட்டிலோ, 'ஊர்த் தெருக்காரர் கூப்பிட்டால் உடனே போ, எதிர்த்துப் பேசாதே' என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். அப்பாவின் கூலி, அம்மா வாங்கிய கடன், ஆட்டுக்குப் புல் அறுக்கும் வரப்பு எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது என்பது பிள்ளைக்கும் தெரியும். செங்கல் சூளைக்கும் நூறு நாள் வேலைக்கும் பெற்றோர் போன பிறகு வீட்டில் தனியாக இருப்பதும் அந்தப் பிள்ளைதான். பகலில் தீட்டு பார்க்கும் கை இருட்டில் தீட்டு பார்ப்பதில்லை. நம்மைத் தொடக்கூடாது என்று சொல்வதும் சாதிதான். நம் பிள்ளையைக் கேட்காமல் தொடலாம் என்று துணிவதும் சாதிதான்.

அதற்காக ஆபத்து ஊர்த் தெருவிலிருந்து மட்டுமே வருகிறது என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் கூடாது. மாமன், சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன் என்று நம் தெருவுக்குள்ளும் அந்தக் கை இருக்கிறது. 'நம்ம பையன், வெளியே தெரிந்தால் நமக்குத்தான் அசிங்கம்' என்று மூடுவதும் பிள்ளைக்குச் செய்யும் துரோகமே.

இதைச் சொல்லிக்கொடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். குளிப்பாட்டும் நேரமே வகுப்பு. எல்லா உறுப்புகளுக்கும் கூச்சமில்லாமல் பெயர் சொல்லுங்கள். உதடு, மார்பு, ஜட்டி மூடும் இடம் ஆகியவற்றை யாரும் தொடக்கூடாது. தங்களுடையதைத் தொடச் சொல்லவோ காட்டவோ கூடாது. படம் எடுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். அம்மா கழுவிவிடுவதும், அம்மா அருகில் இருக்கும்போது மருத்துவர் பார்ப்பதும் வேறு என்பதையும் விளக்குங்கள்.

'கெட்ட தொடுதல் வலிக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். மிட்டாயோடும் கொஞ்சலோடும் வரும் கை வலிக்காது. அதனால் பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்று பிரித்துச் சொல்வதே சரி. 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒருவர் சொன்னால், அதைத்தான் முதலில் வந்து சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். நம்பிச் சொல்லக்கூடிய மூன்று பெரியவர்களைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். 'மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு' என்று வற்புறுத்தாதீர்கள். வீட்டில் மதிக்கப்படாத 'வேண்டாம்', வெளியில் வாயிலிருந்து வராது.

ஆனால் காக்கும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட முடியாது. பயத்தில் உறைந்துபோய்ப் பிள்ளை கத்தாமல் இருக்கலாம். ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம். அப்போது 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று கேட்காதீர்கள், அடிக்காதீர்கள். 'நீ சொன்னது நல்லது, தப்பு உன்னுடையது இல்லை' என்பதே முதல் வார்த்தையாக இருக்கட்டும். அன்றைக்கே நடந்திருந்தால் குளிப்பாட்டாமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. 1098 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் பொருந்தும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது குற்றம். அது தலைமையாசிரியருக்கும் விடுதிக் காப்பாளருக்கும் பொருந்தும். துணிக்கு மேல் தொட்டால் குற்றமில்லை என்ற வாதத்தை 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.

குற்றம் செய்தவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் உரிய பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போது டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். அரசின் தீருதவியும் உண்டு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.

புகார் கொடுத்த மறுநாளே வாசலில் பஞ்சாயத்து வந்து நிற்கும். 'பிள்ளையின் எதிர்காலம் பாழாகும், இந்தப் பணத்தை வைத்துக்கொள்' என்பார்கள். ராஜஸ்தானில் இப்படித்தான் நடந்தது. மாணவியிடம் தவறாக நடந்ததாக ஓர் ஆசிரியர் மீது போக்சோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டங்களில் வழக்குப் பதிவானது. சமரசம் ஆகிவிட்டது என்று காட்டியதும் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குடும்பம் ஒதுங்கிவிட்ட நிலையில் வேறொருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். இது இரு தரப்பு பேசி முடித்துக்கொள்ளும் சொந்தத் தகராறு அல்ல என்று கூறி, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை மீட்டது. ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும் கையெழுத்துக்கு எந்த மதிப்பும் இல்லை என்று நாம் தைரியமாகச் சொல்லலாம்.

படித்த தம்பி, தங்கைகளே, உங்கள் தெருவின் மாலைநேரப் படிப்பு மையத்தில் வாரம் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். படிப்பகச் சுவரில் 1098 என்று பெரிதாக எழுதுங்கள். அடுத்த கிராம சபையில், பள்ளிக்கும் விடுதிக்கும் போகும் பாதையில் தெருவிளக்கு கேளுங்கள். குனிந்து நிற்கப் பழக்கப்பட்ட தலைமுறை நம்மோடு முடியட்டும். நம் பிள்ளை நிமிர்ந்து நின்று 'வேண்டாம்' என்று சொல்லும்போது, அதன் பின்னால் தெருவே நிற்க வேண்டும்.