ஓர் அமைச்சும் இருவகை மின்சாரமும்: லெபனானின் சக்தி, நீர் வழங்கல் குறித்துச் சில குறிப்புகள்

அரசுக்கும் மக்களுக்குமிடையே நிலவும் உறவினை அரசியலமைப்பு, தேர்தல், கட்சி ஆகியவற்றின் வாயிலாக ஆராய்வதே பெருவழக்கு. மின்சாரமும் குடிநீரும் யாருக்கு, எவ்வளவு, என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்ற வினாவும் அவ்வுறவினைத் தெளிவுறுத்த வல்லது. சக்தி, மின்சாரம், நீர் ஆகிய மூன்றையும் ஒரே அமைச்சின்கீழ்க் கொண்டுள்ள லெபனானை இந்நோக்கில் ஈண்டு ஆராய முற்படுகின்றோம். அங்கு அரசுத்துறை தோல்வியுற்றதென்றும் தனியார்மயமே அதற்குப் பரிகாரமென்றும் கூறுவாருளர். நடைமுறையில் அத்தனியார்மயம் ஏலவே நிகழ்ந்துவிட்டதென்பதே நமது கருத்தாகும்.

முதலில் நிறுவன வரலாற்றினை நோக்குவோம். 1954இல் லீத்தானி நதி அதிகாரசபை தோற்றுவிக்கப்பட்டது. அதன் திட்டத்தின்கீழ் அமைந்த கரவூன் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 220 மில்லியன் கனமீற்றர் கொள்ளளவுடையது. 1964இல் அரசுக்குரிய லெபனான் மின்சார நிறுவனமும் 1966இல் நீர், மின் வளங்களுக்கான அமைச்சும் உருவாயின. 2000ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் இவ்வமைச்சு சக்தி, நீர் அமைச்சாயிற்று. அதே ஆண்டில் நிறைவேறிய 221ஆம் இலக்கச் சட்டம் நீர் வழங்கலை நான்கு பிராந்திய நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. இவற்றை ஓரமைச்சின்கீழ்க் கொணர்ந்தமைக்குப் பொருளியல் நியாயம் உண்டு. அணைநீர் வயலுக்குப் பாயும், விசையாழியையும் சுழற்றும். நிலத்தடி நீரை மேலேற்றுவதற்கோ மின்சாரம் இன்றியமையாதது.

1975 தொடக்கம் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போரினால் மின்கட்டமைப்புப் பெரிதும் சிதைந்தது. போரின் பின்னரான மின் உற்பத்தி, இறக்குமதி எண்ணெயிலேயே பெரிதும் தங்கியிருந்தது. 1994இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் 2022 நவம்பர் வரை மாற்றப்படவில்லை. இடைக்காலத்தில் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, அவ்வேறுபாட்டைத் திறைசேரி கடன்பட்டு ஈடுசெய்தது. மின்துறைக்கான இக்கொடுப்பனவுகள் பொதுக்கடனின் ஏறத்தாழ அரைப்பங்கிற்குக் காரணமாயின என உலக வங்கி மதிப்பிட்டுள்ளது. குறைந்த கட்டணம் வறியோர்க்கான சலுகைபோலத் தோன்றினும், கூடுதலாக நுகர்ந்தோரே கூடுதலான மானியத்தைப் பெற்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. மின்வெட்டும் சமமாக அமையவில்லை. நெருக்கடிக்கு முன்னர் பெய்ரூட் நகரத்தில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. நகருக்கு வெளியே தடை அதனினும் பன்மடங்கு நீண்டிருந்தது.

இவ்விடைவெளியிலேயே இரண்டாவது மின்சாரம் வளர்ந்தது. மின் உற்பத்தியும் விநியோகமும் சட்டப்படி அரச நிறுவனத்தின் ஏகபோக உரிமையாயிருந்தும், குடியிருப்புத்தோறும் தனியார் டீசல் மின்பிறப்பாக்கிகள் நிறுவப்பட்டன. ஐந்து அம்பியர், பத்து அம்பியர் என வசதிக்கேற்பக் குடும்பங்கள் இணைப்புப் பெற்றன. சட்டம் அங்கீகரியாத இவ்வணிகத்திற்கு மாதந்தோறும் விலை அறிவிப்பதும் இதே அமைச்சேயாகும். 2018இல் பொருளாதார அமைச்சு இவற்றுக்கு மின்மானி பொருத்துமாறு பணித்தது. மறுபுறத்தே, 2002ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டிய மின்துறை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு இரு தசாப்தங்களுக்கு மேலாக உறுப்பினர்கள் நியமிக்கப்படவில்லை. பொதுத்துறையைச் சீராக்கும் சட்டம் ஏட்டிலே கிடக்க, அதன் இடத்தைப் பிடித்த வணிகம் அரசின் விலைப்பட்டியலைப் பெற்றமை தற்செயலானதன்று. பற்றாக்குறை நீடிப்பதிலேயே ஆதாயம் காணும் ஒரு பிரிவினர் உருவாகியிருந்தனர்.

2019இல் தொடங்கிய நிதிச் சரிவு இவ்வமைப்பின் உள்முரண்பாட்டினை வெளிப்படுத்திற்று. எண்ணெய் வாங்க டொலர் இல்லாதுபோயிற்று. 2021 ஒக்டோபர் 9ஆம் திகதி தெய்ர் அம்மார், சஹ்ரானி ஆகிய இரு பிரதான மின்நிலையங்களும் நின்றுபோக, நாட்டின் மின்வலையமைப்பு முற்றாகச் செயலிழந்தது. மின்சாரம் நின்றதும் நீரேற்றமும் குன்றியது. 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான நீரை இழக்கக்கூடுமென அவ்வாண்டு ஜூலையிலேயே யுனிசெவ் எச்சரித்திருந்தது. பணமுடையோர் தாங்கி வண்டிகளில் நீர் வாங்கினர். 2022 ஒக்டோபரில், 1993இன் பின்னர் முதன்முறையாக, கொலரா தோன்றியது.

2022 நவம்பரில் அமுலான புதிய கட்டணம் முதல் 100 அலகுகளுக்கு அலகொன்றுக்கு 10 அமெரிக்கச் சதமும் அதற்கு மேல் 27 சதமுமாக அமைந்தது. ஆயினும் 2024 ஓகஸ்டில் சஹ்ரானியில் எரிபொருள் தீர, நாடு மீண்டும் இருளில் மூழ்கியது. இயன்றவர்கள் கூரைகளிலே சூரியத்தகடுகளைப் பொருத்தினர். கூரையோ முதலோ இல்லாதவர்க்கு அவ்வழியும் அடைபட்டிருந்தது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டினை அனுபவித்த நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. டொலர்ப் பற்றாக்குறை எவ்வாறு இருளாக மாறும் என்பதை நாமும் கண்டோம். பொதுச்சேவை தளரும்போது மக்கள் யாவரும் ஒருசேர இருளில் ஆழ்வதில்லை. வசதிக்கேற்ப அவர்கள் பிரிக்கப்படுகின்றனர். அப்பிரிவினை வழமையாகிய பின்னர், பொதுச்சேவையைச் சீராக்குமாறு வற்புறுத்தக்கூடிய வலுவுள்ளோர் அதன் தேவையை உணராதவராகி விடுகின்றனர். ஆகவே மின்துறைச் சீர்திருத்தம் பற்றிய விவாதங்களில் இலாப நட்டக் கணக்குடன், எந்த மக்கட் பிரிவினர் பொது வலையமைப்பிலே எஞ்சியுள்ளனர் என்ற கணக்கினையும் எடுத்தல் வேண்டும்.