கைத்தொலைபேசி மறவாத இடங்கள்: சேமித்த வைஃபை இணைப்புகளை அகற்றுவது ஏன், எவ்வாறு?

2002 ஆம் ஆண்டு ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து சென்றவர்கள் அந்த வரிசையை மறந்திருக்க மாட்டார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே தங்கினீர்கள், யாரைச் சந்தித்தீர்கள் என்ற கேள்விகளுக்கு விடை கூறியவாறே பயணப் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. பழைய பற்றுச்சீட்டொன்று, கையால் எழுதிய முகவரித் துண்டொன்று, யாரோ ஒருவரின் தொலைபேசி இலக்கம் என எதுவும் வீண் விசாரணைக்கு வித்திடலாம் என்பதனால், வீட்டிலிருந்து புறப்படுமுன் பையையும் சட்டைப் பையையும் ஒருமுறை துழாவிப் பார்க்கும் பழக்கம் வன்னி மக்களிடையே இயல்பாகவே உருவாகியிருந்தது.

அந்தச் சாவடி 2015 ஆம் ஆண்டு அகற்றப்பட்டுவிட்டது. இன்று யாழ்தேவியில் ஏறினால் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு இறங்காமலே செல்லலாம். ஆனால் அன்று ஒரு துண்டுக் காகிதத்தையும் வீணாகச் சுமக்க அஞ்சிய அதே மக்கள், இன்று தாம் சென்ற இடங்களின் பெயர்ப்பட்டியலொன்றைத் தம்மை அறியாமலேயே சட்டைப் பையில் சுமந்து திரிகின்றனர். கைத்தொலைபேசியில் சேமிக்கப்பட்டிருக்கும் வைஃபை வலையமைப்புகளின் பட்டியலே அது.

பட்டியல் எவ்வாறு உருவாகின்றது?

வைஃபை என்பது கம்பியின்றி வானொலி அலைகள் மூலம் இணையத்தை வழங்கும் முறையாகும். வீட்டிலோ கடையிலோ பொருத்தப்பட்டுள்ள ரவுட்டர் எனப்படும் கருவி, தனது பெயரை ஒவ்வொரு விநாடியும் பல தடவைகள் அலைவழியே அறிவித்துக்கொண்டிருக்கும். நாம் ஒருமுறை கடவுச்சொல்லை இட்டு இணைந்துகொண்டால், தொலைபேசி அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் சேமித்து வைத்துக்கொள்கின்றது. மீண்டும் அதே பெயர் காற்றில் தென்பட்டால் எம்மிடம் கேளாமலே தானாக இணைந்துவிடும். வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இதுவாகும்.

ஆனால் தொலைபேசி தானாக எதனையும் மறப்பதில்லை. வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ வாழும் ஒருவர் வைத்திய பரிசோதனைக்காகக் கொழும்பு செல்கிறார் என வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் தங்கிய விடுதி, சிகிச்சை பெற்ற தனியார் வைத்தியசாலை, வெளிநாட்டிலிருந்து வந்த சகோதரரை அழைக்கச் சென்ற கட்டுநாயக்க விமான நிலையம், இடையில் தேநீர் அருந்திய உணவகம் என அவர் இணைந்த ஒவ்வோர் இடமும் பட்டியலில் ஏறிவிடுகின்றது. பெரும்பாலான நிறுவனங்கள் தமது பெயரையே வலையமைப்பின் பெயராகவும் வைத்திருப்பதனால், அப்பட்டியலைப் படிப்பவர் அவருடைய நாட்குறிப்பையே படித்தவராகிறார். எந்த வைத்தியசாலை, எந்தச் சட்டத்தரணி அலுவலகம், எந்த வெளிநாட்டு முகவர் நிலையம் என்பன யாவும் அதில் அடங்கிவிடலாம்.

மூவகைத் தீங்குகள்

இதனால் விளையக்கூடிய தீங்குகளை மூன்றாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, போலி வலையமைப்பாகும். தொலைபேசி ஒரு வலையமைப்பை அடையாளம் காண்பது முக்கியமாக அதன் பெயரைக் கொண்டே. கடவுச்சொல் இல்லாத திறந்த வலையமைப்பாயின், அதே பெயரில் வேறொருவர் ஒரு சிறு கருவியை இயக்கினாலும் தொலைபேசி அதனுடன் தானாக இணைந்துவிடக்கூடும். அவுஸ்திரேலியாவில் விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் இவ்வாறு போலி வைஃபை அமைத்து, பயணிகளின் மின்னஞ்சல் மற்றும் சமூக வலைத்தளக் கடவுச்சொற்களைக் கவர முயன்றதாக ஒருவர் மீது அந்நாட்டுப் பொலிஸார் 2024 இல் குற்றஞ்சாட்டியிருந்தனர். எமது நாட்டிலும் 2015 ஆம் ஆண்டு புகையிரத நிலையங்கள் முதலான பொது இடங்களில் இலவச வைஃபை வழங்கும் திட்டம் அரசாங்கத்தால் ஆரம்பிக்கப்பட்டது. அத்தகைய திறந்த இணைப்புகளை என்றோ ஒருநாள் பயன்படுத்தியிருப்பின், அந்தப் பெயர் இன்றும் உங்கள் தொலைபேசியில் இருக்கக்கூடும். கடவுச்சொல் உள்ள இணைப்புகளில் இந்த அபாயம் குறைவு. எனினும் கடைச் சுவரில் எல்லோருக்கும் தெரியுமாறு ஒட்டப்பட்டிருக்கும் கடவுச்சொல்லைக் கடவுச்சொல் எனக் கருத முடியாது.

இரண்டாவது, பின்தொடரப்படும் அபாயமாகும். வைஃபை இயங்கும் நிலையில் தொலைபேசி சும்மா இருப்பதில்லை. அருகில் இணைப்பு ஏதும் உண்டா என அலைவழியே வினவிக்கொண்டே இருக்கும். பழைய தொலைபேசிகள் தாம் சேமித்து வைத்திருக்கும் பெயர்களைக் கூறியே அவ்வாறு வினவின. அத்துடன் ஒவ்வொரு கருவிக்கும் உரிய நிரந்தர வன்பொருள் இலக்கமும் அவ்வினாவுடன் வெளியேறியது. 2013 இல் இலண்டன் நகர வீதிகளில் வைக்கப்பட்டிருந்த சில குப்பைத் தொட்டிகள், கடந்து செல்வோரின் தொலைபேசிகளின் வன்பொருள் இலக்கங்களை இவ்வாறு பதிவு செய்வது வெளியாகி, நகர நிர்வாகம் அதனை நிறுத்துமாறு பணித்தது. கனடாவின் உளவு நிறுவனமொன்று விமான நிலைய வைஃபையிலிருந்து பெற்ற தகவலைக் கொண்டு பயணிகளின் அடுத்தடுத்த நாள் நடமாட்டங்களைப் பின்தொடர்ந்து பரீட்சித்துப் பார்த்ததாக, எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணத்தின் அடிப்படையில் 2014 ஜனவரியில் செய்தி வெளியானது. இவற்றின் பின் தொலைபேசி நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. 2014 முதல் ஐபோனும், 2019 இல் வெளியான அண்ட்ரொயிட் 10 முதல் ஏனைய பல தொலைபேசிகளும் நிரந்தர இலக்கத்திற்குப் பதிலாக மாறும் இலக்கங்களைப் பயன்படுத்தும் முறைக்கு மாறத் தொடங்கின. ஆயினும் வன்னியில் பலர் கையில் இருப்பவை வெளிநாட்டு உறவினர் பாவித்துவிட்டு அனுப்பிய அல்லது கடையில் இரண்டாம் விலைக்கு வாங்கிய பழைய தொலைபேசிகளே என்பதனை மறந்துவிடலாகாது.

மூன்றாவதே எம்மவரை அன்றாடம் தொடுவதாகும். பட்டியலில் இருப்பது பெயர் மட்டுமன்று. கடவுச்சொல்லும் கூடவே இருக்கின்றது. அண்ட்ரொயிட் 10 முதல், சேமித்த இணைப்பைத் தொட்டால் அதன் கடவுச்சொல்லைச் சதுரக் குறியீடாகத் திரையில் காட்டும் வசதி உண்டு. திறந்த தொலைபேசி ஒன்று பிறர் கையில் சில நிமிடங்கள் இருந்தாலே போதுமானதாகிவிடலாம். திருத்தக் கொடுத்த கடையிலும், விற்ற இடத்திலும், அடகு வைத்த இடத்திலும் உங்கள் வீட்டுத் திறப்பின் பிரதியொன்றை விட்டுவந்தது போலாகும். அது உங்கள் வீட்டுத் திறப்பு மட்டுமா? கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2020, 2021 ஆம் ஆண்டுகளில், இணைப்புள்ள வீட்டின் விறாந்தை அயல் பிள்ளைகளுக்கும் வகுப்பறையானது. கேட்டவருக்கெல்லாம் கடவுச்சொல் கொடுக்கப்பட்டது. அந்த மனிதாபிமானம் போற்றத்தக்கதே. ஆயினும் அன்று கொடுத்த கடவுச்சொல் இன்னும் எத்தனை தொலைபேசிகளில் இருக்கின்றது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. விருந்தாளியின் தொலைபேசி படலையைத் தாண்டியதுமே தானாக இணைந்து, செயலிகளைப் புதுப்பிக்கவும் படங்களைத் தரவேற்றவும் தொடங்கிவிடுகின்றது. அளவுக்கு மட்டுப்பட்ட பொதியில் மாத நடுப்பகுதியிலேயே டேட்டா தீர்ந்துவிட, குற்றம் வீட்டுப் பிள்ளைகளின் தலையில் விழுகின்றது.

அகற்றும் முறை

அண்ட்ரொயிட் தொலைபேசிகளில் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்று, ‘நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட்’, அதனுள் ‘இன்டர்நெட்’, அதன் அடியில் ‘சேவ்ட் நெட்வேர்க்ஸ்’ என்ற வரிசையில் சென்றால் முழுப் பட்டியலும் தோன்றும். சாம்சங் தொலைபேசிகளில் ‘கனெக்‌ஷன்ஸ்’, ‘வைஃபை’ என்று சென்று, மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, மேலதிக அமைப்புகளுக்குள் வலையமைப்புகளை நிர்வகிக்கும் பகுதியைத் திறக்க வேண்டும். தயாரிப்புக்கு ஏற்பச் சொற்கள் சற்று வேறுபடலாம். வேண்டாத பெயரைத் தொட்டு ‘ஃபொர்கெட்’ என்பதை அழுத்தினால் அது நீங்கிவிடும்.

ஐபோனில் 2022 இல் வெளியான ஐஓஎஸ் 16 முதல், ‘செட்டிங்ஸ்’, ‘வைஃபை’ என்று சென்று மேலே உள்ள ‘எடிட்’ என்பதைத் தொட்டால் பட்டியல் கிடைக்கும். அதற்கு முந்திய மென்பொருளில் அந்த வலையமைப்பின் எல்லைக்குள் நின்றால் மட்டுமே அதனை மறக்கச் செய்யலாம். தொலைவிலிருந்து அகற்ற விரும்புவோர் எல்லாவற்றையும் ஒருசேர அழிக்கவே வேண்டும். ஐகிளவுட் வழியாகக் கடவுச்சொற்களை இணைத்து வைத்திருப்போர், ஒரு கருவியில் அகற்றினால் அதே கணக்கிலுள்ள ஏனைய கருவிகளிலிருந்தும் அது நீங்கும் என்பதை அறிந்திருத்தல் நன்று.

ஒவ்வொன்றாக நீக்கப் பொறுமை இல்லாதவர்கள், வலையமைப்பு அமைப்புகளை மட்டும் ஆரம்ப நிலைக்கு மீட்கும் ‘ரீசெட் நெட்வேர்க் செட்டிங்ஸ்’ வசதியைப் பயன்படுத்தலாம். படங்களும் தொடர்பு இலக்கங்களும் இதனால் அழியமாட்டா. ஆனால் புளூடூத் இணைப்புகளையும் வீட்டு வைஃபையையும் புதிதாக ஏற்படுத்த வேண்டியிருக்கும். தொலைபேசியை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ எண்ணுவோருக்கு இது போதாது. கூகுள் அல்லது அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, தொலைபேசி முழுவதையும் ஆரம்ப நிலைக்கு மீட்ட பின்னரே கைமாற்ற வேண்டும்.

இன்னொரு விடயமும் உண்டு. உங்கள் தொலைபேசியில் அகற்றுவதனால் பிறர் தொலைபேசியிலுள்ள உங்கள் வீட்டுக் கடவுச்சொல் அழிந்துவிடாது. அதற்கு ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுவதே ஒரே வழியாகும். வருடத்தில் ஒரு தடவையாவது, பொங்கலுக்கோ பெருநாளுக்கோ வீட்டைத் துப்புரவு செய்யும்போது, இதனையும் ஒரு வேலையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நிறுத்தினாலும் நிற்காத வைஃபை

வைஃபையை நிறுத்திவிட்டோம் எனப் பலர் நம்பியிருப்பது முழு உண்மையன்று. ஐபோனில் திரையை இழுத்து வரும் குறுக்குவழிப் பலகையில் வைஃபைக் குறியைத் தொட்டால் இணைப்பு துண்டிக்கப்படுகின்றதே தவிர, வைஃபை நிறுத்தப்படுவதில்லை. மறுநாள் அதிகாலை 5 மணிக்கோ, வேறிடத்திற்குச் சென்றாலோ அது மீண்டும் தானாக இணையத் தொடங்கும். முற்றாக நிறுத்த ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குள் சென்றே நிறுத்த வேண்டும்.

அண்ட்ரொயிட்டில், சேமித்த இணைப்பொன்றின் அருகே சென்றால் வைஃபை தானாக இயங்கத் தொடங்கும் ஒரு வசதி உண்டு. அதனை அணைத்துவிட வேண்டும். அத்துடன் ‘லொக்கேஷன்’ எனும் இருப்பிடப் பகுதிக்குள் ‘வைஃபை ஸ்கேனிங்’ என்றொரு தெரிவு இருக்கின்றது. அது இயங்கும்வரை, வைஃபையை நிறுத்தியிருந்தாலும் தொலைபேசி அயலிலுள்ள ரவுட்டர்களைத் தேடி இருப்பிடத்தைக் கணித்துக்கொண்டே இருக்கும். அதனையும் நிறுத்தினால் வரைபடச் செயலிகளின் துல்லியம் சற்றுக் குறையலாம். வைஃபை இல்லாதபோது இணையப் பாவனை முழுவதும் சிம் அட்டையின் டேட்டாவிலேயே கழியும் என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும்.

அளவுக்கு மீறிய அச்சமும் வேண்டாம்

இவற்றைச் செய்தவுடன் எவராலும் பின்தொடர முடியாதவராக ஒருவர் மாறிவிடுவதில்லை. சிம் அட்டை இயங்கும்வரை தொலைபேசி எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கின்றது என்பது சேவை வழங்குநருக்குத் தெரிந்தே இருக்கும். முகநூலும் கூகுளும் வேறு வழிகளில் எம்மை அறிந்து வைத்திருக்கின்றன. மறுபுறத்தில், வங்கிகளும் பெரும்பாலான இணையத்தளங்களும் இன்று தகவல்களை மறைகுறியாக்கியே அனுப்புவதனால், பொது வைஃபையில் இணைந்த மாத்திரத்தில் பணம் பறிபோய்விடும் என்ற பீதியும் தேவையற்றது. போலிப் பக்கமொன்றில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும்போதே உண்மையான ஆபத்து நேர்கின்றது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எமது தகவல்களைக் கையாளும் நிறுவனங்களை நோக்கியதாகும். எமது சொந்தத் தொலைபேசியில் நாமே குவித்து வைத்திருப்பதைத் துப்புரவு செய்ய எந்தச் சட்டமும் வரப்போவதில்லை.

ஒளிப்பதற்கு என்னிடம் என்ன இருக்கின்றது எனச் சிலர் கேட்கலாம். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து தம் பிள்ளைகளைத் தேடிப் போராடிய தாய்மாரும் எதனையும் ஒளித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் யாரைச் சந்தித்தனர், எந்த அலுவலகத்திற்குச் சென்றனர் என்பதை அறிய விரும்புவோர் இருக்கவே செய்வர். 1990 ஒக்டோபரில் உடுத்த உடையுடன் வெளியேற்றப்பட்டு, புத்தளத்திற்கும் முல்லைத்தீவுக்கும் இடையே இரு வீடுகளாக வாழும் முஸ்லிம் குடும்பத்தினருக்கும், பதிவும் விசாரணையும் எத்தகைய சுமை என்பதை எவரும் எடுத்துரைக்கத் தேவையில்லை. தேவையற்ற தகவலைச் சுமக்காதிருப்பது இவர்களுக்கு அனுபவம் தந்த பாடமாகும்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். மடியில் கனமிருப்பதே தெரியாமல் நடப்பதுதான் இன்றைய நிலை. இன்று மாலை ஐந்து நிமிடங்களை ஒதுக்கி அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வீடு, பணியிடம் ஆகிய இரண்டொன்றை விட்டுவிட்டு ஏனையவற்றை அகற்றிவிடுங்கள். வீட்டிலுள்ள முதியோரின் தொலைபேசிகளையும் வாங்கி அவ்வாறே செய்து கொடுங்கள். புறப்படுமுன் பையைத் துழாவிப் பார்த்த அந்தப் பழைய பழக்கம் இன்றும் எமக்கு வேண்டியதாகவே இருக்கின்றது.