வத்திராயிருப்பில் பிறந்த இந்த விஞ்ஞானியைத் தெரியுமா?

சிவகாசியிலிருந்து திருவில்லிபுத்தூர் போய், அப்படியே வடக்கே திரும்பினால் வத்திராயிருப்பு. திடப்பொருள் இயற்பியலில் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த ஒருவர் பிறந்த ஊர் அது, தெரியுமா? கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன், சுருக்கமாக கே.எஸ். கிருஷ்ணன். பிறந்த நாள் 1898 டிசம்பர் 4!

மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி, பிறகு கல்கத்தா. அங்கே 1923-ல் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் 'ராமன் விளைவு' பிடிபட்டபோது கூடவே நின்று சோதனை செய்தவர் இவர்தான். 'நேச்சர்' இதழில் வந்த முதல் அறிவிப்பில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது!

பட்டாசுக்காரர்கள் கவனிக்க: கண்ணாடிக் குப்பியில் மூடிக் கிடக்கும் வெள்ளைத் தூளை, குப்பியைத் திறக்காமலே வெடியுப்பு என்று கண்டுபிடிக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன. லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியின் நிறமாற்றத்தைப் பார்க்கிறார்கள். எல்லாம் அதே ராமன் விளைவுதான்!

ஆனால் கிருஷ்ணனை ராமனின் உதவியாளர் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1928 கடைசியில் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், படிகங்களின் காந்தத்தன்மையில் இறங்கினார். அவர் வகுத்த முறையைக் கேளுங்கள். சின்னஞ்சிறு படிகம் ஒன்று மெல்லிய குவார்ட்ஸ் இழையில், காந்தப் புலத்துக்குள் தொங்கும். தனக்கு வாகான திசையில் திரும்பி நிற்கும். இழையின் மேல்நுனியை முறுக்கிக்கொண்டே போனால், படிகம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும், விலகும்... ஒரு கட்டத்தில் சட்டென்று புரண்டுவிடும்! எத்தனை முறுக்குக்குப் புரண்டது என்பதிலிருந்து, காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார். அதை வைத்து, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் உள்ளே எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதையும் சொன்னார். ஓர் இழையும் ஒரு காந்தமும் கொண்டு! துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் நாப்தலீன், பென்சிலில் இருக்கும் கிராஃபைட், எதையும் அவர் விடவில்லை.

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1946-ல் 'சர்' பட்டம். பட்நாகர் பரிசு தொடங்கிய 1958-ல் அதை முதலில் வாங்கியவரும் இவரே!

டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக 1947 முதல் 1961-ல் காலமாகும்வரை இருந்தார். ஓட்டுப் போட்டதும் நம் விரலில் வைக்கிறார்களே அழியாத மை, அதை உருவாக்கியது இந்த ஆய்வகம்தான். 1962 பொதுத் தேர்தலில் அது முதன்முதலாக விரலுக்கு வந்தது!